மூடாத வண்டி

வீரய்யாவின் வெல்டிங் பட்டறை கீரனூரில் திருச்சி ரோட்டோரம் இருக்கிறது. அன்று காலை அதன் வாசலில் விற்பனைக்கு இரண்டு டிரெய்லர்கள் நின்றன. நான் ஒரு மணி நேரமாக இரண்டையும் மாறி மாறிச் சுற்றி வந்துகொண்டிருந்தேன். ஒன்று முழுத் தகடு அடித்தது, நாலு சக்கரம், எண்ணூறு கிலோ. இன்னொன்றில் காரின் சக்கரங்கள் நிற்க இரண்டு இரும்புப் பட்டைகள் மட்டும். நடுவில் ஒன்றுமில்லை, தரை தெரிந்தது. முந்நூற்றைம்பது கிலோதான் இருக்கும்.

"ஏத்தப்போற காரு என்ன எடை ஆனந்தராஜ்?" என்று கேட்டார் வீரய்யா.

"தொள்ளாயிரம் இருக்கும்ணே. இழுக்குறது என்னோட பழைய பொலீரோ."

"அப்ப லேசானதே போதும். ஆனா ரோட்டுல வாலாட்டும், பாத்துக்கங்க. காரை முன்னால தள்ளி நிறுத்திக் கட்டணும். ஓடுறப்ப உள்ள யாரும் ஒக்காரக் கூடாது."

"யாரும் ஒக்காரக் கூடாதுன்னுதான் டிரெய்லரே வாங்குறேன்," என்றேன்.

அதுவரை நான் பழுதாகி நிற்கும் கார்களைச் சங்கிலி போட்டுத்தான் இழுத்து வந்தேன். அப்படி இழுத்தால் பின்னால் வரும் காரில் ஒரு ஆள் உட்கார்ந்து ஸ்டியரிங் பிடிக்க வேண்டும். கோட்டைப்பட்டினத்திலிருந்து கூப்பிட்ட பெண் அது முடியாது என்று சொல்லிவிட்டாள். பெயர் மாஹிரா. அவள் கணவன் அப்ரார் மஸ்கட்டில் வேலை பார்த்தவன். கடைசி விடுப்பில் வந்து கார் வாங்கி, நாற்பது நாள் ஓட்டி, தன் கையாலேயே கொட்டகையில் நிறுத்திவிட்டுப் போனான். மூன்று மாதம் கழித்து சீல் வைத்த பெட்டி ஒன்று வந்தது. திறக்கக் கூடாது என்றார்கள். முகம் பார்க்காமலே அடக்கம் செய்தார்கள். அது நடந்து மூன்று வருடம். அன்றிலிருந்து அவனுடைய அம்மா ரோஷன் பேகம் அந்தக் காரில் ஒருத்தரையும் உட்கார விடவில்லை. இப்போது மாஹிராவுக்குப் புதுக்கோட்டையில் ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை கிடைத்து, மாமியாரும் மருமகளும் திருக்கோகர்ணத்துக்குக் குடி வருகிறார்கள். காரும் வரவேண்டும்.

கன்டெய்னர் லாரி சுலபம் என்று நான் சொன்னபோது போனுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"மூடுன வண்டி வேணாம்னு சொல்லு மாஹிரா. ஒரு தடவ மூடிக் கொண்டாந்தது போதும்."

பத்து நிமிடம் கழித்து மாஹிரா மறுபடி கூப்பிட்டாள். இந்த முறை குரலைத் தாழ்த்திப் பேசினாள். "அண்ணே, புதுக்கோட்டையில அந்தக் காரை வாங்க ஒருத்தர் இருக்காரு. எங்கள வீட்டுல எறக்கிட்டு அப்படியே அவர்ட்ட கொண்டுபோயி விட்டுருங்க. பக்கத்துல ஒரு ஷெட்டுல நிக்குதுன்னு மாமிட்ட நான் சொல்லிக்கிறேன். அதை இன்னும் எத்தனை வருஷம் பாத்துக்கிட்டே இருக்குறது?"

எனக்கு மனசு ஒப்பவில்லை. ஆனாலும் சரி என்றேன். லேசான டிரெய்லரைக் கொக்கியில் மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

கோட்டைப்பட்டினத்தில் அவர்கள் சந்து முழுக்க மணல். பொலீரோ உள்ளே போகவில்லை. டிரெய்லரைக் கழற்றி, மாஹிராவும் நானும் கையாலேயே தள்ளிக்கொண்டு போனோம். கனமானதை வாங்கியிருந்தால் எங்களால் அதைத் தெரு முக்கைத் தாண்டித் தள்ளியிருக்க முடியாது. கார் வெள்ளை நிறம். தூசியில்லாமல் துடைத்திருந்தது. பானெட்டைத் திறந்து பார்த்தேன். பேட்டரி இருந்த இடம் காலியாக இருந்தது. அதைக் கழற்றிப் பழைய இரும்புக்காரனிடம் போட்டு ஒரு வருடம் ஆகிறது என்றாள் மாஹிரா. கதவைத் திறந்து, உட்காராமல், இடுப்பை வளைத்துக் கையை மட்டும் நீட்டி ஹேண்ட் பிரேக்கை இறக்கி நியூட்ரலில் போட்டாள். நான் காரில் கயிற்றை மாட்டி, டிரெய்லரின் முனையிலிருந்த வின்ச்சின் கைப்பிடியைச் சுற்றினேன். முன்சக்கரம் சாய்வில் ஏறும்வரை கைக்குக் கனத்தது. பிறகு கயிறு தொய்ந்தது. மேட்டில் ஏறுகிற கார் கயிற்றைத் தொய்ய விடாது. நான் கைப்பிடியை நிறுத்தினேன். கார் இன்னும் ஒரு முழம் மேலே வந்து, சரியாக முன்னால் வந்து நின்றது.

"காத்து போல," என்றேன். காற்று இல்லை. மாஹிரா பெல்ட்டை எடுத்துக் கொடுத்தாள்.

நாலு சக்கரத்தையும் கட்டினேன். பொலீரோவிலிருந்து நீளச் சங்கிலி போட்டு டிரெய்லரை ரோட்டுக்கு இழுத்துக் கொக்கி மாட்டியதும் மாஹிரா என் பக்கத்தில் ஏறிக்கொண்டாள். ரோஷன் பேகம் பின் சீட்டில் முழுக்கத் திரும்பி உட்கார்ந்தார். வழி நெடுக அவர் முன்பக்கம் திரும்பவே இல்லை. பின் கண்ணாடி வழியாகக் காரையே பார்த்துக்கொண்டிருந்தார். என் தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் எனக்கு அவருடைய முக்காடும், அதற்குப் பின்னால் காரின் முன்பக்கமும் தெரிந்தன.

முதலில் டிரெய்லர் வீரய்யா சொன்னபடிதான் ஆடியது. வேகம் கூடினால் பொலீரோவின் பின்பக்கத்தைப் பிடித்து இடமும் வலமும் இழுத்தது. சாரல் விழ ஆரம்பித்த பிறகு ஆட்டம் நின்றுவிட்டது. வளைவுகளில்கூட இல்லை. பின்னால் யாரோ ஸ்டியரிங்கைத் திருப்பிக் கொடுப்பது போல வந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை.

"கொஞ்சம் மெதுவாப் போங்க தம்பி," என்றார் ரோஷன் பேகம். "அவன் வேகமா ஓட்ட மாட்டான்."

மாஹிரா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அறந்தாங்கிக்கு முன்னால் பைக்கில் வந்த ஒருவர் என் ஜன்னலை ஒட்டி வந்து கையைக் காட்டினார். "பின்னால காருல இருக்குறவரு பிரேக்க மிதிச்சுக்கிட்டே வாராரு. செவப்பு லைட்டு எரியுது பாருங்க," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஓரங்கட்டி இறங்கிப் பின்னால் போனேன். லைட் எரியவில்லை. உள்ளே யாரும் இல்லை. சாரலில் காரின் உடம்பு முழுக்கச் சில்லிட்டிருந்தது. பின் விளக்கின் சிவப்புக் கண்ணாடியில் கை வைத்தேன். சுட்டது. நெற்றியில் காய்ச்சல் பார்ப்பதுபோல அப்படியே வைத்துக்கொண்டு நின்றேன். எடுக்கத் தோன்றவில்லை.

மாஹிரா வந்து பக்கத்தில் நின்றாள். என் கையைப் பார்த்துவிட்டு, தன் கையை அடுத்த விளக்கின்மேல் வைத்தாள்.

"பெட்டிய நான்தாண்ணே கையெழுத்துப் போட்டு வாங்குனேன்," என்றாள். "உள்ள இருக்குறது அவுகதான்னு எழுதிக் கொடுத்தேன். பாக்காமலே."

"சட்டம் அப்படி இருந்துருக்கும்மா."

"ஆமா." கையை எடுத்துத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டாள். "மாமிட்ட சொல்லாதீங்க."

திருக்கோகர்ணம் போய்ச் சேர்ந்தபோது நல்ல மழை. வாடகை வீடு ஒரு குறுகிய தெருவில் இருந்தது. பொலீரோவின் மேல் கட்டி வந்த சாமான்களை நான் இறக்கி உள்ளே வைத்தேன். வாங்குகிறவர் இரண்டு முறை போன் செய்துவிட்டார். மூன்றாவது முறை அடித்தபோது மாஹிரா வாசலுக்கு வந்து, கிளம்புங்கள் என்று கண்ணைக் காட்டினாள். திரும்பினால் பொலீரோவின் பின் சீட் காலியாக இருந்தது.

ரோஷன் பேகம் டிரெய்லரின் இரும்புப் பட்டைமேல் ஏறியிருந்தார். அறுபது தாண்டிய பெண். நடுவில் விழுந்தால் கால் தரைக்குப் போய்விடும். ஒரு கையால் காரைப் பிடித்தபடி இடது பக்கக் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தார். மூன்று வருடத்தில் முதல் முறை. கதவைச் சாத்திக்கொண்டார்.

மாஹிரா மழையில் நனைந்துகொண்டே ஓடி வந்து கண்ணாடியைத் தட்டினாள். "மாமி, எறங்குங்க. வாங்க மாமி."

அவர் இவளைப் பார்க்கவில்லை. தலையை வலது பக்கம் சாய்த்து ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு முறை ஆமாம் என்பதுபோல் தலையசைத்தார். பிறகு கைப்பிடியைச் சுற்றி ஜன்னல் கண்ணாடியை இரண்டு விரல் அளவு இறக்கினார்.

"காரை விக்கப் போறியாமே," என்றார். கோபம் இல்லாத குரல்.

நான் மாஹிராவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். நான் சொல்லவில்லை என்று தலையை ஆட்டினேன். அவளும் சொல்லியிருக்க வழியில்லை. உதட்டில் வழிந்த மழைத் தண்ணீரை அவள் துடைக்கவில்லை.

"அவர்ட்ட கார் வரலைன்னு சொல்லிருங்கண்ணே," என்றாள் கடைசியில்.

போனை எடுத்தேன். விரல் ஈரத்தில் வழுக்கியது. அதைச் சட்டையில் துடைத்துக்கொண்டே காரின் முன்பக்கம் வந்தேன். கார் டிரெய்லர்மேல் தெருவைவிட உயரமாக நின்றது. கண்ணாடிகள் எல்லாம் மூடியாகிவிட்டன. ரோஷன் பேகத்தின் முகத்துக்கு நேரே முன் கண்ணாடியில் மூச்சின் ஆவி வட்டமாகப் படிந்திருந்தது. அவர் மூச்சை இழுக்கும்போது அது கொஞ்சம் சுருங்கியது, விடும்போது விரிந்தது. நடுவில் ஒரு கை அகலத்துக்குக் கண்ணாடி தெளிவாக இருந்தது. அதற்கு வலது பக்கம், ஸ்டியரிங்குக்கு மேலே, இன்னொரு வட்டம் மெதுவாக விரிந்துகொண்டிருந்தது.