காம்பில் இல்லாத பூனைமுடி

உலர்ந்த செடிகளைத் தாளில் ஒட்டுவதுதான் பசைக்காரரின் வேலை. இருபத்திரண்டு வருடமாகத் தாவர ஆய்வுக் கூடம் ஒன்றில் ஒட்டுகிறார். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் இப்போது அவரே திரும்பிப் பார்ப்பது சந்தேகம்.

அன்று காலை ஆய்வாளரம்மா லென்சிலிருந்து தலையைத் தூக்கினாள். "பசைக்காரரே, இது மூணாவது ரகம்!"

மலைச் சரிவில் மஞ்சளாகப் பூக்கும் அந்தக் காட்டுச்செடியில் அதுவரை இரண்டே ரகம். இலை விளிம்பு பல்லுப் பல்லாக இருந்தால் ஒன்று, நேராக ஓடினால் மற்றொன்று. மற்றபடி அச்சில் வார்த்த இரட்டைப் பிள்ளைகள். இரண்டுக்கும் பூக்காம்பில் பூனைமுடி உண்டு. இந்தத் தாளில் இருந்ததற்கோ காம்பு சுத்த மொட்டை.

"கொண்டுவந்தது யாருன்னு பாருங்க. எங்கண்ணன்! கடைசியா மலை ஏறினப்போ பறிச்சது. அவர் பேரையே வைக்கப்போறேன். சாயங்காலம் கட்டுரை போயிடும்."

அண்ணன் செத்து ஒரு வருடம். அதற்கப்புறம் அவள் இப்படிச் சிரித்துப் பசைக்காரர் பார்த்ததில்லை.

அவருக்கோ திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி ஆயிற்று. மற்ற செடிகளை வந்தபடியே ஒட்டிவிடுவார். இது அவருடைய சிநேகிதனான அந்த அண்ணனின் கடைசிச் செடி. மண்ணும் தூசியுமாக ஒட்ட மனம் வரவில்லை. தூரிகையை எடுத்து ஒரு மணி நேரம் துடைத்திருந்தார். காய்ந்த காம்பில் முடி நிற்குமா? அக்கறை அளவு மீறினாலும் ஆபத்துதான்.

வாயை மூடிக்கொண்டால் யாருக்கும் தெரியாது. சிநேகிதனின் பெயரும் நிலைக்கும். ஆனால் நாளைக்கு எவனாவது மொட்டைக் காம்பைத் தேடி மலை மலையாக அலைந்துவிட்டு, அந்தப் பெயரைப் பார்த்துத்தானே சிரிப்பான்? டீ ஆறும்வரை யோசித்தார். தாங்கவில்லை.

அந்தக் கூடத்தில் ஒரு சட்டம் உண்டு. செடியிலிருந்து எது உதிர்ந்தாலும் குப்பைக்குப் போகக்கூடாது. பொட்டலமாக மடித்து அதே தாளின் மூலையில் ஒட்ட வேண்டும். இந்தச் செடியைத் துடைத்த அன்றும் அப்படியே ஒட்டியிருந்தார்.

"மேடம், அந்தப் பொட்டலத்தப் பிரிச்சுப் பாருங்க."

"உதிர்ந்த இலைதானே?"

"இல்ல. நான் தொடச்சது. தொடச்சிருக்கக் கூடாது."

அவள் பிரித்து லென்சின் அடியில் வைத்தாள். வெள்ளை வெள்ளையாகப் பூனைமுடி. நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது.

"அண்ணன் இருந்திருந்தா உங்கள உண்டு இல்லன்னு பண்ணியிருப்பாரு."

"பண்ணட்டும் மேடம். வந்து பண்ணட்டும்."

அவள் தாளில் இலை விளிம்புக்கு ஏற்ற பழைய ரகத்தின் பெயரையே எழுதினாள். பொட்டலத்தை மடிக்கப் போனவள் நின்றாள். முடிகளுக்கு நடுவே சிவப்பாக ஒரு சிட்டிகைத் தூள்.

"இது செடியோடது இல்லையே?"

"மலை மண்ணு மேடம். செடியக் கொண்டுவந்த அன்னிக்கு உங்க அண்ணன் கையில இருந்ததும் இதேதான்."

அவள் விரல் நுனியால் அதை ஒருமுறை தொட்டாள். ஒரு துகளும் சிந்தாமல் மடித்து அவரிடம் நீட்டினாள்.

"நல்லா பசை வச்சு ஒட்டுங்க."