வரிசைத் தட்டில் வந்த ராடு

கனெக்டிங் ராடை வரிசைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்த மனுஷன் இந்த உலகத்திலேயே துளசிங்கம் ஒருத்தராகத்தான் இருப்பார். எவர்சில்வர் தட்டு, வெற்றிலை பாக்கு, ஒரு சீப்பு பூவம்பழம், நடுவில் மஞ்சள் குங்குமம் வைத்த அட்டைப்பெட்டி. பெட்டிக்குள்ளே புல்லட் இன்ஜினுக்கான புது ராடு, பிஸ்டனைச் சுழலும் கிராங்கோடு இணைக்கிற இரும்புத் தண்டு. வெள்ளை வேட்டியின் நுனியை ஒரு கையில் தூக்கிப் பிடித்தபடி சேலையூரில் இருந்த பைக் பட்டறையின் தகரக் கொட்டகைக்குள் அவர் நுழைந்தபோது, மருமகள் தமிழினி கையெல்லாம் கிரீஸோடு எழுந்து நின்றாள். அவள் புருஷன் பாலு எழுந்திருக்கக்கூட மறந்து அப்படியே பார்த்துக்கொண்டிருந்தான்.

மறக்காமல் என்ன செய்வான்? அப்பாவும் பிள்ளையும் பேசி இரண்டு வருஷமாகிறது. ஏசி ரூமில் உட்கார்ந்து பார்த்த கம்ப்யூட்டர் வேலையை உதறிவிட்டு, டிப்ளமோ மெக்கானிக்கல் படித்த பொண்டாட்டியோடு சேர்ந்து பைக் பட்டறை போட்டவன் பாலு. நிலம் விற்ற காசில் வரிசையாக வீடு கட்டி வாடகை வாங்குகிற துளசிங்கத்துக்கு அது மானப் பிரச்சினை. பிள்ளை என்ன பண்றான் என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்று கல்யாணங்களுக்குப் போவதையே நிறுத்திவிட்டார். மன்னிப்புக் கேட்கிற பழக்கம் அந்த வம்சத்தில் எவனுக்கும் கிடையாது. அதனால்தான் தட்டு. தட்டோடு வாசல் ஏறிவிட்டால் பழசெல்லாம் போயிற்று என்று அர்த்தம். அதற்கு மேல் யாரும் பேசமாட்டார்கள், பேசவும் கூடாது.

கீதாதான் சொன்னாளாம், அண்ணன் வண்டிக்கு ராடு மட்டும் பழசையே போடப் போறாங்க, கையில காசு இல்ல என்று. கீதா துளசிங்கத்தின் மகள், கேளம்பாக்கத்தில் கட்டிக் கொடுத்திருந்தது. மகள் சொன்ன மறுநாளே மனுஷன் கிளம்பிப் போய்க் கடை கடையாக விசாரித்திருக்கிறார்.

"கீறதுலயே ஒசத்தி எதுடான்னு கேட்டு வாங்கினேன்," என்றார் தட்டை நீட்டி. "இதப் போட்டு ஓட்டு."

பாலு இரண்டு கையாலும் வாங்கினான். அவன் கண் கலங்கியதைத் தமிழினி கல்யாணமானதிலிருந்து அன்றைக்குத்தான் பார்த்தாள்.

அவர்கள் கட்டிக்கொண்டிருந்தது ஸ்ட்ரோக்கர் இன்ஜின். பேரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், சங்கதி சுலபம்தான். பிஸ்டன் மேலும் கீழும் ஓடுகிற தூரத்தைக் கூட்டிவிட்டால் இன்ஜின் ஒவ்வொரு முறையும் பெரிய மூச்சாக இழுக்கும், பெரிய உதையாக உதைக்கும். கூட்டுவதற்கு, சுழலும் கிராங்கில் ராடைப் பிடிக்கிற அச்சாணி உட்காருகிற துளையைக் கொஞ்சம் வெளியே தள்ளிப் போட வேண்டும். தள்ளினால் பிஸ்டன் மேலே ஏறி மூடியான ஹெட்டில் முட்டும். முட்டாமலிருக்க உயரம் குறைந்த பிஸ்டன் வேண்டும். ஒன்றைத் தொட்டால் ஒன்பதை மாற்ற வேண்டிய வேலை இது. காசு இருக்கிறவன் மொத்தத்தையும் வெளிநாட்டிலிருந்து பெட்டியாக வரவழைத்துவிடுவான். இவர்களுக்கு விரலுக்குத் தகுந்த வீக்கம். கிராங்குக்குக் குரோம்பேட்டையில் தெரிந்த லேத்காரர், பிஸ்டனுக்கு வேறொரு வண்டியின் சாமான், வால்வைத் திறந்து மூடுகிற கேம் பழைய இரும்போடு இரும்பாகத் தேடிப் பொறுக்கியது.

உள்ளே சுத்தறதுக்கு முதல் காசு, வெளியே மினுக்கறதுக்குக் கடைசிக் காசு என்பது தமிழினியின் கட்சி. பாலுவோ கார்புரேட்டர் பைத்தியம். பெரிய வாய் கார்புரேட்டர் ஒன்றைக் கடைக் கண்ணாடிக்குள் பார்த்துவிட்டு வந்து, சோறு தின்னும்போதும் அதே பேச்சு. கடைசியில் அவன் பிடிவாதம் ஜெயித்தது. கார்புரேட்டர் சீல் பிரிக்காத பெட்டியில் வந்து அலமாரியில் உட்கார்ந்தது, ராடுக்கு வைத்திருந்த காசு அதோடு போய்ச் சேர்ந்தது. அந்த நேரத்தில்தான் தட்டு வந்தது. சாமியே இறங்கி வந்த மாதிரி என்று பாலு சொன்னான். தமிழினியும் அப்படித்தான் நினைத்தாள்.

மறுநாள் மத்தியானம் பாலு கிராங்கை எடுக்க லேத்துக்குப் போயிருந்தான். தமிழினி குங்குமத்தைத் துடைத்துவிட்டுப் பெட்டியைத் திறந்தாள். எந்தச் சாமான் வந்தாலும் அளந்து பார்க்காமல் மாட்டுகிற ஆள் இல்லை அவள். ஆனால் இதைக் கையில் எடுக்கும்போது கூச்சமாக இருந்தது. தானமா வந்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்காதே என்பார்கள். அதுவும் மாமனார் கொண்டுவந்த வரிசையை மருமகள் சோதித்தாள் என்று தெரிந்தால் சொந்தக்காரர்கள் சும்மா விடுவார்களா? விட்டால்தானே.

அளவெல்லாம் சரியாகத்தான் இருந்தது. பழைய ராடைக் கயிற்றில் தொங்கவிட்டு ஸ்பேனரால் தட்டினாள், கோயில் மணி மாதிரி ஒலித்தது. புதுசைத் தட்டினாள். மண்சட்டி மாதிரி டொக் என்றது. மறுபடி தட்டினாள், மறுபடி அதே டொக். விளிம்பில் ஓடுகிற கோட்டை விரலால் தடவிப் பார்த்தாள். பழுக்கக் காய்ச்சி அடித்த ராடில் அந்தக் கோடு பட்டையாக இருக்கும். இதில் நூல் மாதிரி இருந்தது, அச்சில் ஊற்றி எடுத்த பொம்மைக்கு இருக்குமே, அப்படி.

அதற்கு மேல் ஒரே வழி சாணைக்கல்தான். கல்லில் வைத்தால் தழும்பு விழும், கடைக்காரன் திரும்ப எடுக்கமாட்டான். வைத்துவிட்டாள். நல்ல எஃகு என்றால் மத்தாப்பு மாதிரி வெள்ளையாக நீளமாகப் பூச்சொரியும். இதில் சின்னச் சின்னதாகச் செக்கச்சிவப்பாக நாலு பொறி பறந்து, பறந்த இடத்திலேயே செத்தது. வார்ப்பிரும்பு. உசந்த சாமானின் பெட்டிக்குள் மட்ட சாமானைப் போட்டு ஒரு பாவி அந்த மனுஷன் தலையில் கட்டியிருக்கிறான்.

ராடு முறிந்தால் என்ன ஆகும் என்று தமிழினிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முழு வேகத்தில் முறிந்தால் இன்ஜின் அப்படியே இறுகும், பின் சக்கரம் பூட்டிக்கொள்ளும், ஓட்டுகிறவன் வண்டிக்கு முன்னால் போவான். பழைய மகாபலிபுரம் ரோட்டில் அப்படி விழுந்த ஒருவனை அவள் பார்த்திருக்கிறாள். இன்னமும் வாக்கர் பிடித்துத்தான் நடக்கிறான்.

மாட்ட முடியாது. அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் எப்படிச் சொல்வது? மாமா, நீங்க ஏமாந்துட்டீங்க என்றா? இரண்டு வருஷம் கழித்து வாசல் ஏறி வந்த மனுஷரிடமா? பாலுவிடம் சொன்னால் அவனுக்கு ரகசியம் தங்காது. நேரே கடைக்காரன் சட்டையைப் பிடிப்பான், விஷயம் அப்பாவுக்குப் போகும், மறுபடி மூஞ்சி திரும்பும். ஒரு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்து யோசித்தாள். பிறகு எழுந்து சீல் பிரிக்காத கார்புரேட்டரை எடுத்துக்கொண்டு போய்க் கடையில் திருப்பிக் கொடுத்தாள், அந்தக் காசில் கம்பெனி ராடு ஒன்று வாங்கி அதே பெட்டிக்குள் வைத்தாள், தட்டில் வந்ததைக் காயலாங்கடையில் எடைக்குப் போட்டாள். கார்புரேட்டர் பழுது, கடைக்காரனே திரும்ப வாங்கிக்கொண்டான், காசு அப்புறம் தருவானாம் என்று பாலுவிடம் சொன்னாள். அவன் அன்று முழுக்கப் பேசவில்லை. பேசாவிட்டால் போகிறான், உயிரோடு இருந்தால் போதும் என்று அவள் அவனுக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு வைத்தாள்.

இந்த இடத்தில் அவள் கொஞ்சம் கூடுதலாக யோசித்திருக்கலாம். அந்த வீட்டு மருமகள்தானே, அந்த வீட்டு வழக்கம் அவளுக்குத் தெரியாதா?

கேளம்பாக்கத்துக்குப் பக்கத்தில் மனை போட்டு விற்காமல் கிடக்கிற ஒரு லேஅவுட்டில், நேர்கோடாகப் போகிற தார் ரோட்டை வாடகைக்கு எடுத்துப் பையன்கள் இரண்டிரண்டு வண்டியாக மோதவிட்டு டிராக் ரேஸ் நடத்துவார்கள். முதல் சுற்றில் பாலு சின்ன கார்புரேட்டரை வைத்துக்கொண்டே முன்னால் வந்தான். சுற்றி இருந்தவர்கள் விசில் அடித்தார்கள். துளசிங்கம் மடித்துக் கட்டிய வேட்டியோடு ரோட்டோரம் நின்று, பக்கத்தில் இருந்த முகம் தெரியாத ஆட்களிடமெல்லாம், உள்ளே சுத்தறது நான் வாங்கிக் கொடுத்த ராடு என்று சொல்லிக்கொண்டிருந்தார். அன்றோடு விட்டாரா? டீக்கடையில் சொன்னார், சலூனில் சொன்னார், ரேஷன் கடை வரிசையில் சொன்னார். அப்பாவும் பிள்ளையும் ஞாயிற்றுக்கிழமைகளில் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ஒவ்வொரு தடவை ராடு பேச்சு வரும்போதும் தமிழினி தலையை ஆட்டிச் சிரித்தாள். சிரிக்கச் சிரிக்க அது பழகிப்போயிற்று.

இறுதிச் சுற்று அன்று வெயில் மண்டையைப் பிளந்தது. பாலுவோடு மோத வேண்டிய ஆள் யாரென்றால், கீதாவின் புருஷன் கார்த்தி. அவனும் கேளம்பாக்கத்தில் ஒரு மெக்கானிக்கை வைத்துப் புல்லட்டை ஸ்ட்ரோக்கராகக் கட்டிக்கொண்டு வந்திருந்தான். மச்சானும் மச்சானும் மோதறாங்க என்று கூட்டத்துக்குக் கொண்டாட்டம். கீதா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு குடைக்கு அடியில் தமிழினியோடு நின்றாள். யார் ஜெயிச்சாலும் பிரியாணி எங்க வூட்லதான் அண்ணி என்றாள். அப்புறம் சும்மா பேச்சுவாக்கில் சொன்னாள்:

"எங்கப்பா இவருக்கும் அதே ராடு வாங்கிக் குடுத்தாரு அண்ணி, அதே கடையில. போன வாரம் தட்டோட வந்தாரு, இவரும் உடனே மாட்டிட்டாரு. மவனுக்குச் செஞ்சா மருமவனுக்கும் செய்யணும் இல்ல?"

மகனுக்குச் செய்ததை மருமகனுக்கும் செய்யாமல் விடுகிற குடும்பம் அந்தப் பக்கத்தில் எங்கே இருக்கிறது? ஐயோ, இது எப்படித் தோன்றாமல் போனது தமிழினிக்கு?

கோட்டில் இரண்டு வண்டியும் நின்றுவிட்டன. கார்த்தி முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு பின் டயரைச் சுழல விட்டான், புகை எழும்பியது, இன்ஜின் அலறியது. அந்த அலறலுக்குள் ஒரு வார்ப்பிரும்புத் துண்டு மேலும் கீழும் அடித்துக்கொண்டிருப்பது அவளுக்குக் கண்ணால் பார்க்கிற மாதிரி தெரிந்தது. கொடி பிடிக்கிற பையன் கையைத் தூக்கினான். தமிழினி செருப்பை விட்டுவிட்டு ஓடினாள். கயிற்றைத் தாண்டினாள், யாரோ கையைப் பிடித்தார்கள், உதறினாள். நேரே இரண்டு வண்டிக்கும் முன்னால் போய் நின்று, கார்த்தி வண்டியின் இன்ஜினை அணைக்கிற கில் ஸ்விட்சை அமுக்கினாள்.

திடீரென்று அமைதி. பாலுவும் தன் வண்டியை அணைத்தான். பிறகு கூட்டம் சிரிக்க ஆரம்பித்தது. புருஷன் தோத்துடுவான்னு பொண்டாட்டி வந்துட்டா என்று ஒருவன் கத்தினான். கார்த்தி ஹெல்மெட்டைத் தூக்கிவிட்டு, என்ன தங்கச்சி இது என்றான், பாதி கோபமும் பாதி சிரிப்புமாக. துளசிங்கம் வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு வேகமாக வந்தார். அவர் முகம் கறுத்திருந்தது. நாலு பேர் முன்னாடி குடும்ப மானத்தை வாங்கறியே என்று பல்லைக் கடித்தார்.

அவளிடம் காட்டுவதற்கு எதுவும் இல்லை. பழைய இரும்பாக அது எப்போதோ போய்விட்டது. வாயைத் திறந்து சொல்வதைத் தவிர வேறு வழி இல்லை.

"மாமா, நீங்க வாங்கிக் குடுத்த ராடு டூப்ளிகேட். சாணைல வச்சுப் பாத்தேன், வார்ப்பிரும்பு. இவரு வண்டில அது இல்ல. அன்னிக்கே மாத்திட்டேன். இப்ப கார்த்தி அண்ணன் வண்டில அதே கடை ராடுதான் இருக்கு."

பாலு அவளைப் பார்த்தான். கார்புரேட்டர் காசு எங்கே போனது என்று அவனுக்கு அந்த நிமிஷத்தில் புரிந்திருக்க வேண்டும். கார்த்தியோ, காலையில் இரண்டு தரம் முழு ஆக்சிலரேட்டரில் ஓட்டினேனே, ஒன்றும் ஆகவில்லையே என்றான். சொல்லச் சொல்ல அவன் குரல் இறங்கியது. மெல்ல வண்டியை விட்டு இறங்கினான்.

துளசிங்கம் கார்த்தியைப் பார்த்தார். கயிற்றுக்கு அந்தப் பக்கம் குழந்தையோடு நிற்கிற மகளைப் பார்த்தார். சுற்றி இருந்தவர்களில் பாதிப் பேருக்கு அவரே ராடு கதையைச் சொல்லியிருந்தார். இப்போது யாரும் சிரிக்கவில்லை.

"நான் ஊரெல்லாம் பேசிகினு திரிஞ்சேன்," என்றார். "நீ பக்கத்துல நின்னு சிரிச்சிகினு இருந்த."

"உங்க மனசு நோவக் கூடாதுன்னுதான் மாமா..."

"சொல்லியிருந்தா இன்னா பண்ணியிருப்பேன்மா? கத்தியிருப்பேன். ஒரு வாரம் மூஞ்சத் தூக்கி வச்சிகினு இருந்திருப்பேன்." "அவ்ளோதான? அதுக்கா எம் பொண்ணு தாலிய அடமானம் வச்ச?"

இல்லை மாமா என்று சொல்ல நினைத்தாள் தமிழினி, ஆனால் அது உண்மை இல்லை. தன் புருஷன் உயிர் என்றதும் சாணைக்கல் வரை போனவள், அதே கடையில் அதே பெட்டி இன்னொருத்தர் கைக்குப் போகும் என்று ஒரு நாளும் நினைக்கவில்லை. நினைக்க வேண்டாம் என்று இருந்துவிட்டாள், அதுதான் நிஜம்.

துளசிங்கம் வண்டிச் சாவியை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, வெள்ளை வேட்டியோடு கார்த்தி வண்டியின் பின்னால் போய்க் குனிந்து இரண்டு கையாலும் தள்ள ஆரம்பித்தார். கார்த்தி ஹேண்டில்பாரைப் பிடித்தான். தார் ரோட்டில் சூடு ஏறிக் கிடந்தது. தமிழினி வெறுங்காலோடு போய் அவர் பக்கத்தில் கை வைத்துத் தள்ளினாள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. ரோட்டின் கடைசி வரை மூன்று பேரும் தள்ளிக்கொண்டே போனார்கள்.