கம்பத்தடி ஒரு மீற்றர்

உதைபந்தாட்ட மைதானத்தின் வடக்குப் பக்க இடது கோல் கம்பத்துக்கும் வேம்புக்கும் இடையிலுள்ள நிலத்தை நைலோன் கயிறு பிடித்து இருபத்திரண்டு வரிசைகளாகப் பிரித்தேன். ஒவ்வொன்றும் ஒரு மீற்றர் அகலம். வரிசைக்கு ஒன்பது நிமிடம். பிற்பகல் இரண்டு மணிக்குத் தொடங்கினால் ஐந்தரைக்குள் முடியும் என்று கொப்பியில் எழுதினேன்.

தொலைந்தது ஒரு தங்க நாணயம். நாளை காலை ஏழு பத்துக்கு எங்கள் வீட்டில் பொன்னுருக்கு. அந்த நாணயத்தை ஆசாரி உருக்கித்தான் அண்ணையின் கலியாணத்துக்குத் தாலி செய்ய வேண்டும். அம்மா தன் காப்புகள் இரண்டையும் கொடுத்துச் செய்வித்தது. இன்னொன்று வாங்க வழியில்லை. நேற்று யாழ்ப்பாணத்தில் நகைக்கடையில் அதை வாங்கி, சேட்டுப் பையில் வைத்துக்கொண்டு அச்சுவேலிக்குத் திரும்பிய நான், ஓர் ஆள் குறைகிறது என்று கூப்பிட்டார்கள் என்பதற்காக மைதானத்தில் இறங்கினேன். சேட்டைக் கழற்றி மாட்டிவிட்டு அரை மணி நேரம் பந்து அடித்தேன். வீட்டில் பையைத் தடவிப் பார்த்தபோது வெறும் துணி.

ஒருவருக்கும் சொல்லவில்லை. அண்ணை கோகுலனுக்கு முப்பத்தாறு வயது. இரண்டு சம்பந்தம் குழம்பி மூன்றாவதாகச் சுபாஜினி அமைந்திருக்கிறார். உருக்க எடுத்த பொன் தொலைந்தால் அந்தக் கலியாணம் நிலைக்காது என்று நம்புகிறவர்கள் அவர்கள் வீட்டில் இருக்கிறார்கள்.

உலோகம் தேடும் கருவி நானே செய்தது. மாலை வகுப்பில் இலத்திரனியல் படிக்கிறேன். இறுதிச் செயற்திட்டத்துக்காகப் பிளாஸ்டிக் தட்டில் செப்புக் கம்பி சுற்றி, குழாயில் பூட்டியிருந்தேன். அம்மாவின் மோதிரத்தைப் புதைத்துச் சோதித்ததில் ஒரு சாண் ஆழம் வரை ஒலித்தது. ஆனால் அது வீட்டு முற்றம். இது முன்பு இராணுவ முகாம் இருந்த மண்.

சேட்டை எங்கே மாட்டினேன்? வேம்பில் என்று எழுதினேன். வெட்டிவிட்டு இடது கோல் கம்பத்தில் என்று எழுதினேன். அதையும் நம்ப முடியவில்லை. கம்பம் இரும்பு, ஒரு மீற்றருக்குள் போனால் கருவி ஓயாமல் கத்துகிறது. அங்கே கையால்தான் கிளற வேண்டும். எனவே, "கம்பத்தடி: கடைசியில்" என்று குறித்துவிட்டு வேம்பிலிருந்து தொடங்கினேன்.

முதல் வரிசையில் சோடா மூடிகள் மூன்று. நான்காவதில் துப்பாக்கி ரவைக் கோது. ஒன்பதாவதில் இரண்டு ரூபாய் நாணயக்குற்றி. ஒலி கேட்கும்போதெல்லாம் முழந்தாளிட்டுச் சுவர் பூசும் சாந்தகப்பையால் கிளறினேன்.

பதினோராவது வரிசையில் ஓட்டோக்கார றெஜி வந்து நின்றான்.

"என்னடா டிலக்ஷன், கண்ணிவெடி எடுக்கிறியோ?"

"வகுப்புக்கு ஒரு பரிசோதனை."

"வகுப்பு இப்ப கிரவுண்டிலையோ நடக்குது? இயக்கத்தின்ரை தங்கம் உதுக்குள்ளை தாட்டிருக்கெண்டு என்ரை மச்சானும் சொன்னவன். பங்கு தருவியோ?"

சிரித்துக்கொண்டே போன் எடுத்தான். கால் மணி நேரத்துக்குள் இருபது பேர் கூடிவிட்டார்கள். நான் கிளறிய குழிகளை எண்ணினார்கள். உண்மையைச் சொல்லி அனுப்பிவிடலாம் என்று நிமிர்ந்தேன். சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, கூட்டத்துக்குப் பின்னால் சுபாஜினியின் சித்தப்பா தம்பிராசா நின்றார்.

மறுபடி குனிந்தேன்.

இருபத்தோராவது வரிசை முடிந்தபோது, புதையல் தோண்டுவதாகக் கேள்விப்பட்டுப் பொலிஸ் வந்தது. இரண்டு பேர். மூத்தவர் என் கையிலிருந்து கருவியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தோண்டுறதுக்கு அனுமதி இருக்கோ?"

"வகுப்பு வேலை, சேர்."

"அப்ப கடிதத்தைக் காட்டும்."

கடிதம் இல்லை. கருவியைக் கொண்டுபோவதாகச் சொன்னார். நீதிமன்ற உத்தரவு வரும் வரை மைதானத்துக்குள் ஒருவரும் கால் வைக்கக் கூடாது என்றார். இளையவர் மஞ்சள் நாடாவை எடுத்தார்.

ஏழு பத்துக்கு இன்னும் பதினான்கு மணி நேரம் இருந்தது. வாயைத் திறந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன்: நாணயம், சேட்டு, பொன்னுருக்கு, அம்மாவின் காப்பு. தம்பிராசா இருந்த பக்கம் பார்க்காமலே சொன்னேன்.

"சேர், கம்பத்தடி மட்டும்தான் மிச்சம். ஒரே ஒரு மீற்றர். பத்து நிமிசம் தாங்கோ. நீங்களும் பக்கத்திலை நில்லுங்கோ."

கூட்டம் சிரித்தது.

"முதல் வகுப்பு வேலை, இப்ப கொண்ணையின்ரை தாலி!" என்றான் றெஜி. "இன்னும் கொஞ்சம் போனால் சங்கிலியன் ராசான்ரை முடியெண்டும் சொல்லுவாய்."

பொலிஸ்காரருக்கும் சிரிப்பு வந்தது. "கதையை ஸ்ரேசனிலை வந்து சொல்லும், தம்பி. நாளைக்கு ஒன்பது மணிக்கு."

தம்பிராசா சிரிக்கவில்லை. சைக்கிளை ஸ்ராண்டில் விட்டுவிட்டு என்னிடம் வந்தார்.

"நாளைக்கு ஏழு பத்துக்குத்தானே?"

"ஓம், மாமா."

"பொன் கையிலை இல்லை."

"கம்பத்தடி பாக்கேல்லை, மாமா. அங்கைதான் கிடக்கும்."

"கிடக்குமோ, கிடக்குமெண்டு நினைக்கிறீரோ?"

கையிலிருந்த கொப்பியை மூடினேன்.

"முதல் சொன்ன பொய்யிலையே நிண்டிருக்கலாம், தம்பி," என்றார். குரலில் கோபம் இல்லை. "என்ரை காதிலை விழுந்திட்டுது. என்ரை அண்ணைக்கு, சுபாஜினியின்ரை தேப்பனுக்கு, மறைச்சுப்போட்டு அந்தப் பிள்ளையின்ரை முகத்திலை நான் எப்பிடி முழிக்கிறது?"

அத்தனை பேரில் என்னை நம்பியவர் அவர் ஒருவர்தான். போனைக் காதில் வைத்தபடி வேம்படிக்கு நடந்தார். "அண்ணை, ஒரு கதை கதைக்க வேணும்" என்பது வரைக்கும் எனக்குக் கேட்டது.

இளைய பொலிஸ்காரர் நாடாவை வேம்பில் கட்டி இழுத்து வந்து, மறுமுனையை இடது கோல் கம்பத்தில் முடிந்தார். பிறகு அதிலேயே சாய்ந்து நின்றார். அவருடைய சப்பாத்து மண்ணை அமத்தித் தேய்த்துக்கொண்டிருந்தது.

என்னை வெளியே போகச் சொன்னார்கள். வீதியில் நின்று கொப்பியைத் திறந்தேன். இருபத்தொரு வரிசைகளுக்கும் சரி அடையாளம் போட்டிருந்தேன். ஒவ்வொன்றும் ஒழுங்காக இருந்தது. "கம்பத்தடி: கடைசியில்" என்பதை வெட்டி, "முதலில்" என்று எழுதினேன்.

போன் அடித்தது. திரையில் கோகுலன் அண்ணை.