ஒரு நாள் வைத்த தண்ணீர்

தம்பி போய் ஆறாவது வாரத்தில் பெரியப்பாவும் போனார்.

பெரியப்பா என்பது ஒரு தங்கமீன். தொங்கின தாடை, எது நடந்தாலும் அசையாத பார்வை. அசல் நம்ம பெரியப்பாவேதான் என்று தம்பி வைத்த பெயர். ஓயாமல் தின்றுகொண்டிருப்பது சின்ன மாமா. மூலையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்பது சம்பந்தியம்மா. இன்னும் இரண்டு குட்டிகள் இருந்தன. அவற்றுக்குப் பெயர் வைக்கத் தம்பிக்கு நாள் இல்லாமல் போயிற்று. அவை இரண்டும் முன்னமே செத்துவிட்டன.

அக்கா பெரியப்பாவை வலையால் எடுத்துச் செய்தித்தாளில் வைத்து மடித்தாள். மடிப்பு நேராக விழவில்லை என்று பட்டது. பிரித்து மறுபடி மடித்தாள். ஜன்னல் திரை தைப்பது அவள் தொழில்.

தம்பி பஸ் டிரைவராக இருந்தவன். சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகு நாலு வருஷம், வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். முந்தின நாள்தான் டயாலிசிஸுக்குப் போய் வந்திருந்தான்; ஒரு புதன்கிழமை காலை செருப்பு மாட்டக் குனிந்தவன் நிமிரவில்லை. இதயம் நின்றுவிட்டது என்றார்கள். உறவுக்காரர்கள் வந்து, அக்கா அழுவாள் என்று இரண்டு நாள் காத்திருந்து, கொஞ்சம் ஏமாற்றத்தோடு திரும்பிப் போனார்கள். அழக்கூடாது என்று அவள் வைராக்கியம் எதுவும் வைத்திருக்கவில்லை. நெடுநேரம் மடக்கி உட்கார்ந்து மரத்துப்போன கால் மாதிரி உள்ளே என்னவோ கிடந்தது. கிள்ளினாலும் உறைக்கவில்லை.

மீன்களுக்கு மட்டும் அவள் குறை வைக்கவில்லை. தம்பி செய்தபடியே செய்தாள். சனிக்கிழமை குளியலறையில் மூன்று வாளி குழாய்த் தண்ணீர் பிடித்துத் திறந்தே வைத்தாள். "ஒரு நாள் வெச்சா குளோரின் பறந்துடும்க்கா" என்பான் அவன். ஞாயிற்றுக்கிழமை தொட்டியில் கால் பங்குத் தண்ணீரை இறைத்துவிட்டு அதை ஊற்றினாள். சில வாரம் ஒன்றும் ஆகாது. சில வாரம் மறுநாள் ஒன்று மிதக்கும்.

பெரியப்பா செத்த அதே வாரம்தான் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்கள். தம்பியின் சாமான்கள் அங்கே அலமாரியில் இருக்கின்றன, வந்து வாங்கிக்கொள்ள முடியுமா என்று.

டயாலிசிஸ் பிரிவில் பன்னிரண்டு நாற்காலிகள். தம்பி உட்காரும் நாலாவது நாற்காலியில் வேறு யாரோ போர்த்திக்கொண்டு தூங்கினார். அது ஒரு நாற்காலி என்பதற்கு மேல் அவளுக்கு எதுவும் தோன்றவில்லை. டெக்னீஷியன் ஒரு பையைக் கொண்டுவந்து கொடுத்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். வேறு சமயமாக இருந்தால் அவரைத் 'தம்பி' என்று கூப்பிட்டிருப்பாள். இப்போது அந்தச் சொல் நாக்கில் வரவில்லை.

"மீனெல்லாம் எப்படி இருக்குக்கா? டிரைவர் அண்ணன் நாலு மணி நேரமும் அதுங்க கதையத்தான் சொல்வாரு. சம்பந்தியம்மா இன்னும் கோவமாத்தான் இருக்காங்களா?"

"அவங்க இருக்காங்க. பெரியப்பா போயிட்டாரு. அதோட மூணு."

"என்ன ஆச்சு?"

"தெரியல. தண்ணி மாத்தின மறுநாள் போயிடுது."

எப்படி மாற்றுகிறீர்கள் என்று கேட்டார். சொன்னாள். கையில் இருந்த குழாய்ச் சுருளை அவர் மெதுவாக மேசையில் வைத்தார்.

"ஒரு நாள் இல்ல, ஒரு வாரம் வெச்சாலும் இப்ப நம்பி ஊத்த முடியாதுக்கா. தண்ணி ஆபீஸ்ல மருந்த மாத்திட்டாங்க. முன்ன வெறும் குளோரின். இப்ப அதோட அமோனியாவும் சேக்குறாங்க. குளோரமின்னு பேரு. அது லேசுல பறக்காது. நாம குடிக்கலாம், ஒண்ணும் பண்ணாது. மீனுக்கு செவுள் வழியா நேரா ரத்தத்துக்குப் போயிடும். நோட்டீஸ் வந்திருக்குமே?"

"வந்திருக்கும்."

"ஞாயித்துக்கிழமை நான் வர்றேன். அதுவரைக்கும் தண்ணி மாத்தாதீங்க. தீனியும் கம்மியா போடுங்க."

வீட்டில் பிரிக்காத கடிதங்கள் செருப்பு அலமாரியின்மேல் ஒரு சாண் உயரம் இருந்தன. நோட்டீஸ் நடுவில் இருந்தது. மீன் வளர்ப்பவர்களும் வீட்டில் டயாலிசிஸ் செய்துகொள்பவர்களும் கவனிக்க வேண்டும் என்று கடைசியில் இரண்டு வரி. மருந்து மாறிய தேதி, தம்பி இறந்த அதே வாரத்துத் திங்கட்கிழமை.

'நான்தான் கொன்றிருக்கிறேன்' என்று சொல்லிப் பார்த்தாள். கடைப் பலகையை வாசித்த மாதிரி இருந்தது. டயாலிசிஸ் என்ற சொல்லை மட்டும் மறுபடி மறுபடி வாசித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு டெக்னீஷியன் வந்தார். ஒரு டப்பாவில் சோதனைத் தாள்கள், ஒரு சின்ன பாட்டிலில் குளோரமினை முறிக்கும் மருந்து. குழாய்த் தண்ணீரில் தாளை நனைத்ததும் நிறம் ஏறியது. முந்தின நாள் பிடித்து வைத்த வாளியிலும் ஏறக்குறைய அதே நிறம்.

"தொட்டி எத்தன லிட்டர்க்கா?"

அவள் கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்தாள். நீளம் தொண்ணூறு, அகலம் நாற்பது, தண்ணீர் நிற்பது நாற்பது. துணிக்குப் போடுகிற கணக்கைப்போல வாய்க்குள் பெருக்கினாள். "நூத்தி நாப்பத்தி நாலு. கால் பங்கு முப்பத்தாறு. வாளிக்கு பன்னெண்டு."

"நீங்க எங்க யூனிட்டுக்கே வரலாம்" என்றார் அவர்.

பாட்டிலில் 'குளோரமினுக்கும்' என்று போட்டிருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும், சில மருந்து குளோரினை முறித்துவிட்டு அமோனியாவை அப்படியே விட்டுவிடும் என்றார். பன்னிரண்டு லிட்டருக்கு உரிய அளவை வாளிக்கு வாளி அவளே ஊற்றிக் கலக்கினாள். கொஞ்ச நேரம் கழித்து நனைத்த தாள் வெள்ளையாகவே வந்தது. தொட்டித் தண்ணீரின் சூடும் வாளியின் சூடும் ஒன்றாக இருக்கிறதா என்று அவளை இரண்டிலும் கைவிட்டுப் பார்க்கச் சொன்னார். வடிகட்டியின் ஸ்பாஞ்சைக் குழாயடியில் கழுவியதாக அவள் சொன்னபோது உதட்டைக் கடித்தார். அழுக்கைத் தின்கிற நல்ல கிருமிகள் அதில்தான் இருக்கின்றன, இறைத்த பழைய தண்ணீரிலேயே அலசினால் போதும் என்றார்.

இரண்டு வாளி ஊற்றியாயிற்று. மூன்றாவதை அவர் தூக்கியபோது அவள் கேட்டாள்.

"அந்தச் செவ்வாக்கெழம அவனுக்குப் போனது இந்தத் தண்ணியா?"

அவர் வாளியைக் கீழே வைத்தார்.

"கேப்பீங்கன்னு தெரியும். கேக்கலேன்னாலும் சொல்லிட்டுப் போகலாம்னுதான் வந்தேன்." சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்தார். தண்ணீர்ப் பதிவேட்டின் நகல். "குழாய்த் தண்ணி நேரா போகாதுக்கா. ரெண்டு கார்பன் தொட்டி தாண்டி, அதுக்கப்புறமும் சுத்தமாகித்தான் போகும். ஒவ்வொரு ஷிப்டுக்கு முன்னாடியும் குளோரமின் இருக்கான்னு பாப்போம். அன்னைக்குப் பாத்தது நான்."

தேதி, காலை ஐந்து ஐம்பது, பூஜ்யம், பக்கத்தில் அவருடைய கையெழுத்து. அவள் பூஜ்யத்தின்மேல் விரலை வைத்தாள்.

"அண்ணன் போயிட்டாருன்னு போன் வந்ததும் ஓடிப்போய் இதத்தான் பாத்தேன். அப்புறம் தெனமும் ஒரு தடவ பாக்குறேன். நம்பர் மாறப்போறதில்ல. இருந்தாலும் பாக்குறேன்." வாளியின் கைப்பிடியை நிமிர்த்தினார். "இந்த வேலைல பாதிப் பேரு மொகம் சாயங்காலம் ஞாபகம் இருக்காது. நல்லதுதான்னு இருந்துட்டேன்."

அவள் அந்த எண்ணை நம்பினாள். அளவெடுத்துப் பிழைக்கிறவளுக்கு எண்ணை நம்பத் தெரியும். நெஞ்சு லேசாகும் என்று எதிர்பார்த்தாள், ஆகவில்லை. ஒரு கேள்வி குறைந்தது, அவ்வளவுதான்.

"சரி" என்றாள். "சாப்பிட்டீங்களா?"

"இல்லக்கா."

மூன்றாவது வாளியை இருவருமாகச் சேர்ந்து மெல்ல ஊற்றினார்கள். பிறகு வீட்டில் இருந்ததைப் போட்டாள். அவர் சாப்பிட்டார், இரண்டாம் தடவையும் போட்டுக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை சின்ன மாமா மேலே வந்து வாயைத் திறந்தது. சம்பந்தியம்மா மூலையில் நின்றது. செவ்வாய்க்கிழமையும் அப்படியே. அவள் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள்.

"ரெண்டும் இருக்கு."

"சரிக்கா." பின்னால் ஏதோ மெஷின் கூவியது. அவர் வைத்துவிட்டார்.

அன்று மத்தியானம் தைத்துக்கொண்டிருந்த துணியின்மேலேயே தலையைச் சாய்த்துத் தூங்கிப்போனாள். எழுந்தபோது கன்னத்தில் தையல் தடம் இருந்தது. அழுகை வந்திருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை பாட்டில் வாங்கப் போனாள். கடைக்காரர் அட்டையைத் திருப்பிக் குளோரமின் என்ற வரியைக் காட்டினார். "புதுசா மீன் வந்திருக்கு, பாக்குறீங்களா?"

"இப்பத்திக்கு இருக்கறவங்க இருக்கட்டும்" என்றாள்.

கடைக்காரருக்குப் புரியவில்லை, தலையை மட்டும் ஆட்டினார். அவள் பாட்டிலைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். ஒரு ஓட்டலுக்குத் தைக்க இன்னும் பதினோரு திரை பாக்கி இருந்தது.