கடுகளவு வெளிச்சம்

கல்லூரி லேசர் ஆய்வகத் திறப்பு விழா பேனரில் தாளாளர் செந்தமிழனுக்கு ஐந்து பட்டங்கள். லேசருக்கு ஒரு வரி.

அகச்சிவப்பு லேசர் கண்ணுக்குத் தெரியாது. மூடிய பெட்டிக்குள் அது பாயும்போது ஒரு கண்ணாடித் துண்டு கொஞ்சத்தை மட்டும் பிரித்துத் திருப்பும். அந்தக் கொஞ்சமும் இரண்டு கறுப்பு ஃபில்டர்களில் அடங்கித்தான் கேமராவுக்குப் போகும். கற்றை வட்டமா, கோணலா என்று கேமரா காட்டிக்கொடுக்கும்.

கேமரா கல்லூரியுடையது அல்ல. ஆராய்ச்சி மாணவி மஹ்ஜபீன், சென்னையில் இருக்கும் தோழி பெலிண்டாவிடம் கெஞ்சி, அவள் லேபிலிருந்து இரவல் வாங்கியது. இன்னும் ஒரே ஓர் அளவீடு, ஆய்வேடு முடிந்துவிடும். விழா முடியட்டும் என்று துறைத்தலைவர் இளவரசன் சொல்லியிருந்தார்.

ரிப்பன் வெட்டிய தாளாளர் திரையைப் பார்த்தார். இருட்டின் நடுவே கடுகளவு புள்ளி.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதாங்கய்யா" என்றாள் மஹ்ஜபீன்.

"ராஜகோபுரம் நிக்கிற ஊருல உக்காந்துக்கிட்டு கடுகு காட்டுறீங்களேம்மா!"

கூட்டம் சிரித்தது. எங்கே சிரிக்க வேண்டும் என்பது அதற்கு எப்போதும் தெரியும். தாளாளர் பெட்டியின் சிறு சன்னல் வழியே உள்ளே எட்டிப் பார்த்தார்.

"கேமராவுக்கு எதுக்கு கூலிங் கிளாஸு?"

"ஃபில்டருங்கய்யா. அது இல்லன்னா எரிஞ்சிடும்."

"சுபகாரியத்துல கறுப்பு எதுக்குங்க? கழட்டுங்க."

"ஐயா சொல்றாங்கல்ல, கழட்டும்மா" என்றார் இளவரசன்.

"வேணாங்க சார்."

இளவரசனே முன்வந்தார். பாதுகாப்பு விதிப்படி லேசரை அணைத்து, பெட்டியைத் திறந்து, இரண்டு ஃபில்டர்களையும் கழற்றித் தாம்பாளத்தில் கத்தரிக்கோலுக்குப் பக்கத்தில் வைத்து, பெட்டியை மூடினார். தாளாளர் பொத்தானை அழுத்தினார். திரை முழுக்க வெள்ளை. கைதட்டல் அடங்க நேரமாயிற்று. கல்வி எனும் ஒளியைப் பற்றித் தாளாளர் பேசி முடிக்க அதைவிட நேரமாயிற்று.

எல்லாரும் சாப்பிடப் போனபின் மஹ்ஜபீன் ஃபில்டர்களைத் திரும்பப் பொருத்தினாள். புள்ளி வந்தது, நடுவில் கறுப்பாக ஓர் ஓட்டையுடன். கேமராவைச் சற்று நகர்த்தினாள். திரையில் புள்ளி நகர்ந்தது, ஓட்டை நகரவில்லை.

"திருஷ்டிப் பொட்டு மாதிரி இருக்குல்ல?" திரும்பி வந்திருந்த இளவரசன் தனியாகச் சிரித்துப் பார்த்தார். "வரும்போதே இப்படித்தான் இருந்துச்சுன்னு சொல்லிடும்மா."

தனக்குக் கோபம் வரும் என்று அவள் காத்திருந்தாள். வரவில்லை. பெலிண்டாவைப் போனில் கூப்பிட்டாள்.

"கேமரா எரிஞ்சிருச்சுடி."

"ஃபில்டர் போடலியா?"

"போட்டிருந்தேன். நல்ல காரியத்துல கறுப்பு ஆகாதுன்னு கழட்டிட்டாங்க."

"வெளையாடாதடி."

"வெளையாடல."

"எங்க சார்கிட்ட இத எப்பிடி சொல்றது? நம்பவே மாட்டாரு. இனிமே எங்க லேபு உனக்கு ஒரு ஸ்க்ரூகூடத் தராது."

"தெரியும்."

பெலிண்டா வைத்துவிட்டாள். துறையின் வாட்ஸ்அப் குழுவில் அந்த வெள்ளைத் திரையின் படம் வந்திருந்தது, தாளாளர் அதைச் சுட்டிக்காட்டி நிற்க. கீழே வரிசையாகக் கூப்பிய கைகள். மஹ்ஜபீன் சிறிது நேரம் பார்த்தாள். பிறகு அவளும் ஒரு ஜோடி கைகளை அனுப்பிவிட்டு, கேமராவைப் பஞ்சு வைத்த பெட்டியில் படுக்கவைத்தாள்.