மூக்குத்தி வரைக்கும்

பெட்டாலிங் ஜெயாவில், அடிபட்ட கார்களைப் பார்த்து இன்சூரன்ஸ்காரர்களுக்கு அறிக்கை எழுதிக் கொடுக்கும் ஓர் அலுவலகம். அங்கே 1999 மார்ச்சில் ஒரு கேமரா வந்து சேர்ந்தது. அதற்கு ஃபிலிம் கிடையாது. பக்கவாட்டில் ஒரு வாய். அதில் ஃபிளாப்பி டிஸ்க்கைச் செருகிப் படம் எடுத்தால், படம் அந்த டிஸ்க்கிலேயே போய் உட்கார்ந்துகொள்ளும். டிஸ்க்கைக் கம்ப்யூட்டரில் போட்டால் நசுங்கின கார் அப்படியே திரையில் வந்து நிற்கும். தலைமைக் குமாஸ்தா குணபூசணி முதல் நாள் அதைப் பார்த்துவிட்டுத் திறந்த வாயை மூட மறந்தாள். இருபது வருடமாக ஃபிலிம் சுருளை ஸ்டூடியோவுக்கு அனுப்பிவிட்டுக் காத்துக் கிடந்தவள் அவள். எடுக்கிறவனுக்கும் பார்க்கிறவனுக்கும் நடுவில் ஓர் ஆள்கூட இல்லாமல் படமா?

அந்த நடு ஆள் இல்லாத சங்கதிதான் அவளுக்குள் போய்த் தைத்தது. காரணம் மஸ்கட்டில் இருந்தது.

அவள் கணவர் சீவரத்தினத்துக்குப் போன வருடத்துப் பொருளாதார மந்தத்தில் இங்கே வேலை போய், மஸ்கட்டில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் வேலை கிடைத்திருந்தது. மகள் பினாங்கில் படிக்கிறாள். பிரிக்பீல்ட்ஸ் ஃபிளாட்டில் குணபூசணியும் ஒரு ரேடியோவும்தான். வாரம் இரண்டு நாள் வேலை முடிந்து தெருமுனை இன்டர்நெட் கடைக்குப் போய், அவர் ஆங்கில எழுத்தில் அடித்து அனுப்பும் தமிழை எழுத்துக்கூட்டி வாசிப்பாள். அப்படி ஒரு வெள்ளிக்கிழமை வந்த வரி இது: "உன்ன ஒரு தடவ முழுசா பாக்கணும் போல இருக்கு குணம். ஒரு படம் அனுப்புவியா? உனக்கு இஷ்டம்னா மட்டும்."

சட்டென்று உள்ளங்கையால் திரையை மூடிக்கொண்டாள். பக்கத்து நாற்காலியில் இருந்தவன் தன் பாட்டுக்கு விளையாடிக்கொண்டிருந்தான். நாற்பத்து மூன்று வயதில் காது சூடாவது அவளுக்கே வேடிக்கையாக இருந்தது. கல்யாணம், வேலை, வீடு எல்லாம் யாராரோ முடிவு பண்ணித்தான் அவளுக்கு வந்தன. உனக்கு இஷ்டமா என்று அந்த மனிதர் கேட்டது இதுதான் முதல் தடவை. அதற்காகவே ஒரு வாரம் யோசித்தாள். அங்கே அவர் ஈமெயில் பார்க்கும் மெஷினை வேறு யார் தொடுவார்கள் என்று கேட்டு எழுதினாள். "ஆபீஸ் மெஷின்தான், யாரும் பாக்க மாட்டாங்க" என்று பதில் வந்தது. ஆண்பிள்ளைகள் சொல்லும் 'யாரும்' என்ற சொல்லுக்குள் எத்தனை பேர் அடக்கம் என்று அவள் அப்போது கணக்குப் பார்க்கவில்லை.

கேமரா அலமாரியின் சாவி அவளிடம்தான். சனிக்கிழமை கேமராவை வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

ஞாயிறு மத்தியானம் திரைச்சீலையை இழுத்துவிட்டு, தையல் மெஷின் மேல் கேமராவை வைத்தாள். அலுவலகத்தில் ஒரு சட்டம் உண்டு. டிஸ்க்கைச் செருகும் முன்னால் அதன் மேல் காரின் நம்பரை எழுதி ஒட்ட வேண்டும். இல்லாவிட்டால் ஒருவன் கார் இன்னொருவன் அறிக்கைக்குள் புகுந்துவிடும். அந்தச் சட்டத்தைப் போட்டவளே அவள்தான். கை பழகிப்போயிருந்தது. கீழே உறை போட்டு நிற்கும் தங்கள் பழைய டட்சன் காரின் நம்பரை எழுதி ஒட்டினாள். யார் கண்ணில் பட்டாலும் ஏதோ கார் என்று போய்விடுவார்கள் அல்லவா? தன் சாமர்த்தியத்தை மெச்சிக்கொள்ளவும் செய்தாள்.

பொத்தானை அழுத்திவிட்டுப் பத்து விநாடிக்குள் ஓடிப்போய் நிற்க வேண்டும். முதல் இரண்டு படத்திலும் சுவர்தான் விழுந்தது, அழித்துவிட்டாள். மூன்றாவதில் அவள் விழுந்தாள். சின்னத் திரையில் குனிந்து பார்த்தாள். அவிழ்ந்த கூந்தல், சரிந்த வயிறு, மகளை எடுத்த தழும்பு எல்லாம் இருந்தன. ஓடிவந்த வேகத்தில் சிரித்துவேறு இருந்தாள். கண்ணாடியில் ஒருநாளும் இப்படி ஓர் ஆளைக் கண்டதில்லை. வெட்கப்படுவோம் என்று நினைத்திருந்தவளுக்குத் தன்மேல் ஒரு மலைப்பு வந்தது. இந்தப் பொம்பளை இத்தனை நாள் எங்கே இருந்தாள் என்று கேட்டுக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலை கேமராப் பையை மேசையில் வைத்தது நினைவிருக்கிறது. மாலையில் அனுப்பலாம் என்று டிஸ்க்கை வெளியே எடுத்துக் கைப்பைக்கு மாற்றப் போன சமயம், மேனேஜர் வேலாயுதம் கதவைத் திறந்து, கிள்ளானில் ஒரு பட்டறைக்காரரிடம் அவசரமாகக் கையெழுத்து வாங்கி வரச் சொன்னார். ஓடினாள். கொம்யூட்டர் என்கிற புறநகர் ரயில் ஷா ஆலாம் தாண்டும்போது கைப்பையைத் திறந்தாள். சீப்பு இருந்தது, குடை இருந்தது. டிஸ்க் இல்லை.

திங்கட்கிழமை காலையில் அவள் மேசைமேல் கார் நம்பரோடு எந்த டிஸ்க் கிடந்தாலும் லெஸ்லி எடுத்துத் தன் மெஷினில் போடுவான். அந்தச் சட்டமும் அவள் போட்டதுதான்.

லெஸ்லியைப் பற்றிச் சொல்ல வேண்டும். செந்தூல் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவன், முப்பத்திரண்டு வயது, கார் பார்க்கப் போகும் சர்வேயர்களில் கெட்டிக்காரன். ஆனால் வாய்க்குப் பூட்டில்லை. ஒன்றைச் சொன்னால் ஒன்பதாக்குவான். யார் வீட்டில் சண்டை, யார் யாரோடு தேத்தண்ணி குடித்தார்கள் என்பதெல்லாம் பத்து மணிக்குள் மாடி முழுக்கத் தெரிவது அவன் உபயம். போன மாதம் யாரோ ஈமெயிலில் அனுப்பினார்கள் என்று ஊர் பேர் தெரியாத ஒரு பெண்ணின் துணியில்லாத படம் அவன் மெஷினில் வந்தது. விஜயன், பாலன் என்று ஆபீஸ் ஆண்பிள்ளைகள் எல்லோரும் சூழ்ந்து நின்று பார்த்தார்கள். சிரித்ததில் பெரிய சத்தம் லெஸ்லியுடையது. குணபூசணி வாயில் கொழுக்கட்டை அடைத்தவள் மாதிரி அந்தப் பக்கமாக ஒரு ஃபைலைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

அந்த மெஷினில்தான் இப்போது அவள்.

கிள்ளானில் இறங்கியதும் நிலையத்துப் பொதுத் தொலைபேசியில் நாணயம் போட்டு அலுவலகத்தைக் கூப்பிட்டாள். எடுத்தது லெஸ்லியே.

"லெஸ்லி, என் மேசையில..."

"அக்கா, போன்ல வேணாம்." குரல் அடங்கியிருந்தது. "இங்க ஆளுங்க நிக்கிறாங்க. மெஷின் ரோசாக்னு சொல்லி வச்சிருக்கேன். நீங்க வேலைய முடிச்சிட்டு வாங்க லா."

வைத்துவிட்டான். மெஷின் கெட்டுப்போனதாக ஏன் பொய் சொல்ல வேண்டும்? பார்த்துவிட்டான், வேறென்ன. கையெழுத்தை எப்படி வாங்கினாள் என்பது அவளுக்கு நினைவில்லை. திரும்பி வரும் ரயிலில் ஒவ்வொரு நிலையத்திலும் ஒவ்வொன்றை இழந்தாள். முதலில் வேலையை. பிறகு கோயிலில் அவளோடு நின்று பேசும் நாலு பேரை. சுபாங் ஜெயா வந்தபோது மகளின் முகம் வந்தது. அந்தப் படம் ஈமெயிலில் ஏறிவிட்டால் பினாங்கு போக எத்தனை நேரம் ஆகும்? நடுவில் ஆளே இல்லையே. எதைக் கண்டு வாய் பிளந்தாளோ அதுவே இப்போது அவளைத் துரத்தியது.

அலுவலகத்துக்குள் நுழைந்தபோது மணி ஒன்று. லெஸ்லியின் மெஷினுக்குப் பட்டப்பகலில் தூசு உறை மாட்டியிருந்தது. அந்த உறைக்கு முதுகைக் காட்டி, காவல்காரன் மாதிரி நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தான் அவன். எதிரில் வேலாயுதம் நின்று காய்ச்சிக்கொண்டிருந்தார்.

"பன்னெண்டு மணிக்கு அந்த லோரி ரிப்போர்ட் போயிருக்கணும். மெஷின் ரோசாக்னா பாலன பாக்கச் சொல்ல வேண்டியதுதானே?"

"தொட்டா எல்லாம் அழிஞ்சிரும் பாஸ்."

"உனக்கு என்ன தெரியும்? வாய் ஒண்ணுதான் இருக்கு உனக்கு."

மாடியில் சிரிப்பு எழுந்தது. லெஸ்லி பதில் பேசவில்லை. லெஸ்லி பதில் பேசாமல் இருந்ததை அந்த மாடி அதற்கு முன் கண்டதில்லை. வேலாயுதம் ஓர் எச்சரிக்கைக் கடிதம் வரும் என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார். பின்னாலேயே மற்றவர்களும் இறங்கினார்கள்.

ஆள் ஓய்ந்ததும் அவன் சட்டைப்பையிலிருந்து ஒரு கவரை எடுத்து நீட்டினான். மடிப்பின் மேல் டேப் ஒட்டி, டேப்பின் குறுக்கே கையெழுத்துப் போட்டிருந்தான். விபத்தில் கழன்று விழுந்த பாகங்களைச் சாட்சியத்துக்கு வைக்கும்போது சர்வேயர்கள் அப்படித்தான் முத்திரை வைப்பார்கள். உள்ளே டிஸ்க்.

"இப்ப மெஷின் உறைய நீங்களே எடுங்க அக்கா" என்று சொல்லிவிட்டுச் சன்னல் பக்கம் போய்த் திரும்பி நின்றான்.

எடுத்தாள். திரையின் உச்சியில் அவள் படுக்கையறைச் சுவர், நாட்காட்டியின் ஓரம். அதற்குக் கீழே கூந்தல், நெற்றி, சிரிக்கிற கண்கள், மூக்கு, மூக்குத்தி. அதோடு சரி. மூக்குத்திக்குக் கீழே வெறும் சாம்பல் நிறம். டிஸ்க்கைக் காணோம், மறுபடி போடு என்று ஒரு சின்னக் கட்டம் கெஞ்சிக்கொண்டிருந்தது.

அவளுக்கு விளங்க ஒரு நிமிடம் பிடித்தது. டிஸ்க்கிலிருந்து படம் திரைக்கு ஒரேயடியாக வராது. மேலிருந்து வரிவரியாகத்தான் இறங்கும். இறங்கிக்கொண்டிருந்தபோதே அவன் டிஸ்க்கை வெளியே இழுத்திருக்கிறான்.

"வீட்டுச் சுவரு வந்துச்சு. அப்ப எனக்கு ஒண்ணும் தோணல" என்றான் அவன் சன்னலைப் பார்த்தபடி. "முடி அவுந்திருந்துச்சு. அப்புறம் உங்க கண்ணு. கார் இல்லன்னு தெரிஞ்சிருச்சு. இழுத்துட்டேன்."

"இத மூடத் தெரியாதா உனக்கு? காலையில இருந்து ஏன் இப்படி வச்சுக்கிட்டு ஏச்சு வாங்கினே?"

"மூடியிருந்தா நான் எதுவரைக்கும் பாத்தேன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" அவன் திரும்பவில்லை. "பாக்கலன்னு நான் சொல்லியிருந்தா நம்பியிருப்பீங்களா அக்கா?"

பொய் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. "மாட்டேன்."

"அதான்."

குணபூசணி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். நாலு மணி நேரம். இந்த ஓட்டை வாயன் நாலு மணி நேரம் ஒரு வார்த்தை பேசாமல், தன் சொல்லுக்கு இங்கே மதிப்பில்லை என்று தெரிந்து, அவள் கண்ணாலேயே பார்த்துக்கொள்ளட்டும் என்று காவல் இருந்திருக்கிறான். கோயிலில் கற்பூரம் காட்டும்போது வரும் சிலிர்ப்பு அவள் முதுகில் ஓடிற்று. மனிதர்களை அளந்து வைத்திருப்பதாக நினைத்திருந்த தன் அளவுகோலை நினைத்து வெட்கமாகவும் இருந்தது.

அவன் சன்னலைப் பார்த்தபடியே சொன்னான். "போன மாசம் நாங்க பாத்த அந்தப் பொண்ணு. அதுவும் மேல இருந்துதான் வந்துச்சு. மொதல்ல முகம்தான் வந்துச்சு அக்கா. நாங்க நிறுத்தல."

"நானும்தான் ஒண்ணும் சொல்லாமப் போனேன்" என்றாள் அவள்.

பிறகு அவளே அந்தப் பாதிப் படத்தை மூடினாள். மூடும் முன் அந்தக் கண்களை ஒருமுறை நன்றாகப் பார்த்துக்கொண்டாள். மேனேஜர் வந்ததும் நேரே அவர் அறைக்குப் போய், டிஸ்க்கை மாற்றி வைத்தது தன் தப்பு, கடிதம் எழுதுவதானால் தனக்கு எழுதுங்கள் என்றாள். எந்த டிஸ்க் என்று அவர் கேட்டார். "என்னோடது" என்றாள். அவள் முகத்தைப் பார்த்தவர் மேற்கொண்டு கேட்கவில்லை.

மாலை இன்டர்நெட் கடையில் உட்கார்ந்து எழுதினாள்: "படம் எடுத்தேன். நல்லா வந்திருக்கு. ஆனா அனுப்பல. உங்க ஆபீஸ் மெஷின யார் யார் தொடுவாங்கன்னு ஒவ்வொருத்தரா எண்ணி எழுதுங்க. எண்ணாம 'யாரும் பாக்க மாட்டாங்க'ன்னு எழுதாதீங்க."

வீட்டுக்கு வந்து டிஸ்க்கின் மேலிருந்த கார் நம்பரைக் கிழித்து எறிந்தாள். புதுச் சீட்டில் தன் பெயரை எழுதி ஒட்டினாள். அலமாரியில் கல்யாணக் கூறைச் சேலைக்கு அடியில் வைத்துப் பூட்டினாள்.

வெள்ளிக்கிழமை பதில் வந்திருந்தது. "எண்ணிப் பாத்தேன் குணம். ஏழு பேர். கூட்டித் துடைக்க வர்றவரச் சேத்தா எட்டு. நான் சும்மா யாருமில்லன்னு எழுதிட்டேன். மன்னிச்சிடு. அனுப்பாத. டிசம்பர்ல நானே வரேன்."

அவள் அதை இரண்டு தடவை வாசித்தாள். இந்தத் தடவை கையால் திரையை மூடவில்லை.