பலகையில் ஒரு கழித்தல் குறி

"உலகம் பொறந்தப்ப, அதுகூட ரெட்டையா யாரும் பொறக்கலையா, மாமா?"

அல்மாத்தி நகரத்துக்கு மேலே, மலை ஆய்வு நிலையத்தில் ஆறு வயது அக்மரால் இப்படிக் கேட்டபோது எல்லாரும் சிரித்தார்கள். இயற்பியலாளர் கலிம்ஜான் மட்டும் தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்தார். குழந்தையின் தாயும் அவரோடு ஆய்வு செய்பவளுமான சல்த்தனத் அதை இன்னும் மறக்கவில்லை.

அந்தக் கேள்வியோடு கலிம்ஜான் ஒன்பது வருடம் குடித்தனம் நடத்தினார். அணுக்கருவைக் கட்டிப்பிடித்திருக்கும் விசை, கண்ணாடியில் பார்த்தாலும் மாறாமல் இருக்கிறது. மாறக்கூடாது என்று எந்த விதியும் இல்லை, ஆனாலும் மாறவில்லை. பிரபஞ்சத்தின் தொடக்கமே ஒரு கண்ணாடி என்றார் அவர். அதற்கு அந்தப் பக்கம், காலம் பின்னோக்கி ஓடும் இன்னொரு பிரபஞ்சம். பிறவியிலேயே இரட்டை என்றால், சாயல் ஒத்துப்போவதில் என்ன அதிசயம்?

இன்று அதை நகரத்திலிருந்து வந்த ஐவர் குழுவின் முன் வைக்கிறார். அவர்கள் தலையசைத்தால்தான் அவருடைய சிறு பிரிவு அடுத்த வருடம் இருக்கும்.

பேசுகிறவர் கணக்கு முழுவதையும் முதலிலேயே பலகையில் எழுதிவிட்டு, எல்லாரோடும் தேநீர் குடித்துவிட்டு வருவது அங்கே வழக்கம்.

"என்னண்ணே, பவுர்சாக் பணியாரத்தத் தொடவே இல்ல? பொண்ணு கேக்க வந்த மாப்பிள்ளையாட்டம் உக்காந்திருக்கீங்க."

"மாப்பிள்ளைக்கு மாமனார் ஒருத்தர்தான், தாயி. எனக்கு அஞ்சு பேரு."

சல்த்தனத் சிரித்துக்கொண்டே, தான் மறந்து வைத்துவிட்ட மூக்குக்கண்ணாடியை எடுக்க அரங்குக்குப் போனாள். பலகையைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். ஏழாவது வரி. காலத்தைத் திருப்பினால் கற்பனை எண்ணின் குறியையும் திருப்ப வேண்டும். நோட்டைப் பார்த்து எழுதிய அவசரத்தில் அந்தக் கழித்தல் குறி விட்டுப்போயிருந்தது. விடை சரி, வழி தவறு. குழு அவரை நிராகரிக்க அது போதும்.

அவளுடைய முதல் உரையன்றும் விட்டுப்போனது இதே குறிதான். தேநீர் குடித்துத் திரும்பியபோது, அவள் எழுதாத கழித்தல் குறி ஒன்று பலகையில் இருந்தது. கலிம்ஜானின் சட்டைக்கையில் சாக்பீஸ் பொடி இருந்தது. இன்றுவரை இருவரும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

"பிஸ்மில்லா" என்று முணுமுணுத்து, சாக்பீஸை எடுத்தாள். அவர் போடும் கோட்டுக்கு வலது முனை சற்றே மேலேறும். அவளும் அப்படியே போட்டாள்.

பிறகு கைக்குட்டையை எடுத்துச் சட்டைக்கையை நன்றாகத் துடைத்துக்கொண்டாள். அவரைப்போல் அகப்பட்டுக்கொள்ளக் கூடாது.